டெட் வெயிட் டெஸ்டரில் ஒரு பூர்டான் கேஜைச் சரிபார்த்தது

சென்னையில் சரிபார்க்க வந்த பூர்டான் கேஜ் (அழுத்தத்தில் நிமிரும் வளைந்த குழாய் முள்ளை நகர்த்தும் அழுத்தமானி) 0–16 பார், கிளாஸ் 1.0. முழு அளவில் 1 சதவீதம், அதாவது எந்த இடத்திலும் ±0.16 பார் வரை பிழை இருக்கலாம். டெட் வெயிட் டெஸ்டர் என்பது பிஸ்டன் மேல் தெரிந்த எடைகளை வைத்து, அவற்றைத் தாங்கி மிதக்கவைக்கும் அழுத்தத்தைக் கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கருவி. இந்த டெஸ்டர் ஆயிலில் இயங்குவது. ஆக்சிஜன் லைன் கேஜ் என்றால் இதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளே தங்கும் ஆயில் அழுத்தமான ஆக்சிஜனில் தீப்பிடிக்கும்.

ரசமட்டம் வைத்து டெஸ்டரைச் சமன் செய்த பிறகு காற்றை வெளியேற்றினோம். காற்று மிச்சமிருந்தால் பம்புக் கைப்பிடி ஸ்பிரிங் போல அமுங்கும், எடையும் ஒரே உயரத்தில் நிற்காது. எடைகளும் பிஸ்டனும் ஒரே செட்டா என்று அவற்றின் வரிசை எண்களைப் பார்ப்பது கட்டாயம். பிஸ்டனின் பரப்புக்கு ஏற்பத்தான் எடை வார்க்கப்படுகிறது. செட் மாறினால் கணக்கே தப்பு.

எடையில் பொறித்த பார் அளவையும் அப்படியே நம்பக் கூடாது. அது 9.80665 என்ற நிலையான ஈர்ப்பு முடுக்கத்துக்கானது. சென்னையில் அது சுமார் 9.783. ஆகவே 0.9976ஆல் பெருக்க வேண்டும்: 16 பார் எடை உண்மையில் தருவது 15.96. விட்டுவிட்டால் அனுமதித்த பிழையில் கால் பங்கு அங்கேயே போய்விடும். பிஸ்டனின் அடிமட்டத்துக்கும் கேஜுக்கும் 20 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தால் ஆயிலின் எடையால் இன்னும் 0.017 பார் மாறும்.

4, 8, 12, 16 என ஏறி, அதே வழியில் இறங்கினோம். பிஸ்டன் நடு உயரத்தில் மிதக்கும்போது எடைகளைக் கையால் மெல்லச் சுழற்றிவிட்ட பிறகுதான் அளவைப் படிக்க வேண்டும். சுழலாத பிஸ்டன் உராய்வில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். கேஜை விரலால் லேசாகத் தட்டுவதற்கு முன்னும் பின்னும் எழுதிக்கொண்டால் உராய்வு எவ்வளவு என்று தெரியும். ஏறும்போது அழுத்தம் கொஞ்சம் கூடிவிட்டதென்று அப்படியே குறைத்துப் படிக்கக் கூடாது. நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற வேண்டும்.

நான்கு இடத்திலும் முள் சுமார் 0.2 பார் குறைவாகவே நின்றது. பூஜ்யத்தில் மட்டும் சரி! அங்கே தடுப்பு ஊசி (முள் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் நிறுத்தும் சிறு கம்பி) முள்ளைத் தாங்கிக்கொண்டு பிழையை மறைத்திருக்கிறது. பிழை எங்கும் ஒரே அளவில் இருந்ததால் முள்ளை மட்டும் புல்லர் என்ற இழுப்புக் கருவியால் கழற்றி, 8 பார் எடை மிதக்கும்போது 7.98இல் வைத்து அழுத்தினோம். பூஜ்யத்தில் வைத்து மாட்டியிருந்தால் ஊசி மறுபடி ஏமாற்றியிருக்கும். அழுத்தத்தோடு பிழை வளர்ந்துகொண்டே போயிருந்தால் முள்ளைத் தொடாமல் செக்டர் (முள்ளைச் சுழற்றும் பல்சக்கரத் துண்டு) வால்பகுதியின் திருகைத் தளர்த்தி, அதைக் குழாய் நுனியோடு இணைக்கும் லிங்கை நகர்த்தியிருப்போம்: முள் அதிகம் ஓடினால் அச்சிலிருந்து வெளியே, குறைவாக ஓடினால் உள்ளே.

மாட்டியபின் எல்லா இடங்களையும் மறுபடி ஏறி இறங்கிப் பார்த்தோம். பழைய அளவுகளையும் அழிக்காமல் புதியவற்றோடு பதிவேட்டில் எழுதிவைத்தோம்.