எடைக்கல் தேய்ந்த மீட்டர்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான். "அண்ணே, நல்ல மல்டிமீட்டர் ஒண்ணு சொல்லுங்க. விலையும் ரொம்பப் போகக் கூடாது."

"எதுக்குடா?"

"எல்லாத்துக்கும்தான்."

இந்த "எல்லாத்துக்கும்" என்ற பதிலைத்தான் நானும் ஒரு காலத்தில் சொன்னேன். அப்போது கையில் கிடைத்தது வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளக்கும் அந்த மஞ்சள் நிற டிடி830 மல்டிமீட்டர். எலக்ட்ரானிக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு முழு பாட்டரியை அது காவு வாங்கியது.

12 வோல்ட் லெட் ஆசிட் பாட்டரி அது. சார்ஜரைக் கழற்றி ஓய்வாக வைத்து அளந்தால் 15.4 காட்டியது. ஓய்வில் இருக்கிற பாட்டரி 12.7-ஐத் தாண்டினாலே அதிசயம், 15 எப்படி வரும் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். நான் சார்ஜரைச் சந்தேகப்பட்டேன். சார்ஜர் தர வேண்டிய 13.8 மீட்டரில் வரும் வரை, அதன் பிரீசெட்டை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை) திருகிக் குறைத்தேன். மூன்று வாரம் கழித்து பாட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டது. அதன் பிறகுதான் மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் செல்லை மாற்றத் தோன்றியது. மாற்றிவிட்டு சார்ஜரை அளந்தேன்: 11.3. அவ்வளவு நாளும் பாட்டரியைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

காரணம் எளிது. மீட்டர் எதையும் நேரடியாக அளப்பதில்லை. தனக்குள் வைத்திருக்கும் ஒரு வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. செல் ரொம்ப இறங்கினால் அந்த உள் வோல்டேஜும் கூடவே இறங்கும். எடைக்கல் தேய்ந்தால் அரிசி அதிகமாக இருப்பது போலத் தெரியுமே, அதேதான். என் மீட்டரில் செல் இறங்கியதைச் சொல்லும் அடையாளமே கிடையாது. எனவே அந்தப் பையனிடம் முதலில் சொன்னது: டிஸ்பிளேயில் பாட்டரி அடையாளம் வருமா என்று பார். செத்துப்போன மீட்டரால் எனக்கு நஷ்டம் வந்ததில்லை, பொய் சொன்ன மீட்டரால் வந்திருக்கிறது.

அடுத்தது ஃப்யூஸ். இதில் மட்டும் நான் கொஞ்சம் கறார். ஒரு மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு, சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டேன். அடுத்த வேலை, பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்ப்பது. நாபை சரியாக 750 வோல்ட் ஏசிக்குத் திருப்பினேன்; வயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்தத் துளைக்குப் பின்னால் ஃப்யூஸே இல்லை, வெறும் தடித்த கம்பிதான். 'டப்' என்று ஒரு வெடிப்பு, வீடே இருட்டு. வயர் நுனியில் இருக்கும் புரோபின் முனை உருகிக் குண்டாகிவிட்டது. மீட்டரை உற்றுப் பார்த்தால், துளைக்குப் பக்கத்தில் 'அன்ஃப்யூஸ்டு' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறான். மிக நேர்மை!

அதனால் வாங்குவதற்கு முன் பின்மூடியைக் கழற்றிய படம் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். உள்ளே கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் என்றால் சின்ன சர்க்யூட்டுகளுக்குப் போதும். பெரிய கரண்ட் பாய்ந்தால் அதன் கம்பி உருகிய பிறகும் உலோக ஆவி வழியே தீப்பொறி ஓடிக்கொண்டே இருக்கும், குழாயும் வெடிக்கும். மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸில் அந்தச் சூட்டை மணல் குடித்துவிடும். முகப்பில் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று எழுதியிருப்பது வீட்டின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு வரை கை வைக்கலாம் என்பதற்கான உறுதிமொழி. எழுத்து அப்படி, உள்ளே விரல் நகம் அளவு கண்ணாடி ஃப்யூஸ் என்றால் அந்த எழுத்தை நான் நம்புவதில்லை.

கவுண்ட், அதாவது டிஸ்பிளே எத்தனை வரை எண்ணிக் காட்டும் என்ற விஷயத்தில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 12.6 வோல்ட்டை 2000 கவுண்ட் மீட்டரும் 12.60 என்றுதான் காட்டும், 6000 கவுண்ட் மீட்டரும் 12.60 என்றுதான் காட்டும். வித்தியாசம் 5 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும்தான் தெரியும்: 5.00 இருந்த இடத்தில் 5.000, 24.0 இருந்த இடத்தில் 24.00. அப்புறம், கடைசி இலக்கத்தை வேதவாக்காக எடுக்காதீர்கள். துல்லியம் 0.5 சதவீதமும் 2 டிஜிட்டும் (கடைசி இலக்கத்தில் 2) என்று போட்டிருந்தால், அந்த 12.60 என்பது 12.52-ஆகவும் இருக்கலாம், 12.68-ஆகவும் இருக்கலாம்.

ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது அலையின் வடிவம் மாறினாலும் ஏசியைச் சரியாக அளக்கும் வசதி? மெயின்ஸ் மட்டும் அளப்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது. சதுர அலை இன்வெர்ட்டரை அளந்தால் தெரியும். அது இல்லாத மீட்டர் 100 வோல்ட்டை 111 என்று சொல்லும். இப்போது மலிவான மீட்டர்களிலேயே வந்துவிட்டதால், இருப்பதையே வாங்கலாம்.

பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று, கன்டினியூட்டி பீப்: இரண்டு முனைகளுக்கு நடுவே இணைப்பு இருந்தால் வரும் சத்தம். நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். புரோபுகள் இரண்டையும் தட்டினால் தட்டிய கணமே சத்தம் வர வேண்டும். சில மீட்டர்கள் யோசித்துவிட்டு அரை நொடி கழித்துக் கத்தும். ஐசி (சிப்) கால்களின் மேல் வரிசையாக முனையை இழுத்துக்கொண்டு போகும்போது, ஷார்ட் இருக்கும் காலைத் தாண்டிய பிறகு பீப் வந்தால் என்ன பிரயோசனம்? அதே நேரத்தில் ஓம்ஸ் ரேஞ்சுக்கும் மாற்றிப் பாருங்கள். முனைகளைச் சேர்த்தால் 0.2, 0.3 காட்டுவது சகஜம், அது வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். வயரை ஆட்டினால் எண்ணும் ஆடுகிறது என்றால் புரோப் சரியில்லை. புரோபைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம், அதற்காக மீட்டரையே ஒதுக்க வேண்டியதில்லை.

பையன் வாங்கிவிட்டான். மூடியைக் கழற்றி இரண்டு பீங்கான் ஃப்யூஸையும் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "பழைய மஞ்சள் மீட்டரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

இல்லை. மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, ரிமோட் செல் பார்க்க. அந்த 10 ஆம்பியர் துளையில் மட்டும் பசை ஊற்றி அடைத்து வைத்திருக்கிறேன்.