சூத்திரம் அப்புறம், நிகழ்வு முதலில்

இயற்பியல் தேர்வு முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். பாரம் இறங்கிய கையோடு எழுதுகிறேன். குவாண்டம், சார்பியல் இரண்டையும் பற்றி மட்டும்தான். மற்ற பகுதிகளுக்குப் பழைய வினாத்தாள்களே போதும்.

கடைசிக் கட்டத்தில் புதிதாக எதையும் தொடவில்லை. தெரிந்த விஷயம் என்று தாண்டிவந்த அடிப்படைகளை மறுபடி தோண்டினேன். என்னைக் கரையேற்றியது அதுதான்.

சார்பியலில் எந்தக் கணக்கானாலும் முதலில் எழுத வேண்டியது: நிகழ்வுகள் எவை, ஒவ்வொன்றும் எங்கே, எப்போது, யாருடைய அளவில். இது நிரம்பும்வரை காமாவை (வேகத்தைப் பொறுத்து நேரம் எத்தனை மடங்கு நீளும் என்று சொல்லும் காரணி) தொடாதீர்கள். நடைமேடையில் 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்குகள், நடைமேடைக் கணக்கில் ஒரே கணத்தில் எரிகின்றன. ரயில் ஒளிவேகத்தில் 0.6 மடங்கில் ஓடுகிறது. ரயிலின் அளவில் நேர வித்தியாசம் எவ்வளவு? கால நீட்டிப்புச் சூத்திரத்தில் போட்டால் பூஜ்யம் வரும், விடைத் தெரிவுகளிலும் பூஜ்யம் காத்திருக்கும். ஒருவர் அளந்த இடத்தையும் நேரத்தையும் மற்றவர் அளவுக்கு மாற்றும் லொரென்ட்ஸ் மாற்றம் தருவதோ 0.75 மைக்ரோவினாடி, ரயில் போகும் திசையில் முன்னால் உள்ள விளக்கே முதலில் எரிந்தது. ஏதாவது ஒரு சட்டகத்தில் (அதாவது ஒருவருடைய அளவில்) இரு நிகழ்வுகளும் ஒரே இடத்தில் நடந்தால்தான் கால நீட்டிப்புச் சூத்திரம் செல்லும். மியூவான் என்ற நிலையற்ற துகளின் பிறப்பும் சிதைவும் அதன் சொந்தச் சட்டகத்தில் ஒரே இடத்தில் நடப்பவை. அதனால்தான் ஒளிவேகத்தின் 0.995 மடங்கில் அதன் 2.2 மைக்ரோவினாடி சராசரி ஆயுள் நமக்குச் சுமார் 22 ஆகிறது.

குவாண்டத்திலும் இதே பழக்கம்தான். எந்த நிலை தயாரிக்கப்பட்டது, எந்த ஆபரேட்டர் (அளக்கும் அளவைக் குறிக்கும் கணிதச் செயலி) அளக்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எக்ஸ் திசையில் மேல்சுழற்சியுள்ள எலெக்ட்ரானுக்கு இசட் சுழற்சியின் சராசரி பூஜ்யம். ஆனால் எந்த ஒரு அளவீட்டிலும் பூஜ்யம் கிடைக்கவே கிடைக்காது. கூட்டலோ கழித்தலோ ஹெச்-பாரின் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது) பாதிதான் வரும். "சராசரி என்ன" என்பதும் "என்ன கிடைக்கும்" என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாக இருக்க முடியாது என்ற நிச்சயமின்மைக்கு 1927-இல் ஹெய்சன்பெர்க் சொன்ன நுண்ணோக்கி விளக்கத்தோடு (பார்க்க ஒளி பாய்ச்சினாலே எலெக்ட்ரான் கலங்கும் என்பது) பலரும் நின்றுவிடுகிறார்கள். தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் 1929-இல் ராபர்ட்சன் பொதுமைப்படுத்திய சமனின்மை, அதாவது இரு பரவல்களின் பெருக்கத்துக்கு ஒரு கீழெல்லை. ஒரே மாதிரி தயாரித்த பல துகள்களில் சிலவற்றில் இடத்தையும் வேறு சிலவற்றில் உந்தத்தையும் அளந்தாலும் அந்தப் பரவல்கள் அதற்குக் கட்டுப்படும். அளப்பதால் ஏற்படும் கலக்கம் இதில் வரவே இல்லை.

இன்னும் சில:
- வேகத்தோடு நிறை கூடும் என்ற பேச்சை விடுங்கள். நிறை மாறாதது, ஆற்றல், உந்தம், நிறை மூன்றையும் இணைக்கும் ஆற்றல்-உந்தச் சமன்பாடு ஒன்றே போதும்.
- ஆற்றல்-காலச் சமனின்மையில் காலம் ஆபரேட்டர் அல்ல. இடம்-உந்தம் போலவே அதையும் நிறுவப் போகாதீர்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பகுதிக்குத் தனிமையும் வெள்ளைத்தாளும் வேண்டும்.
- நேரம் போதாது என்று பயந்து அந்த முதல் வரியை விட்டுவிடாதீர்கள். தேர்வறையிலும் எழுதினேன், ஒவ்வொரு கணக்குக்கும்.