ஹார்ட் டிஸ்க் இல்லாம ஒரு லேப்பையே ஓட்டுறது எப்படின்னு கேட்டவங்களுக்காக

நான் பாத்துக்கிற காலேஜ் லேப்ல பாதிக்கு மேல பழைய கோர் டூ டுவோ மெஷின்தான், 4 ஜிபி ரேம். போர்டு, ப்ராசஸர் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு புட்டுக்கிச்சு. புது டிஸ்க்குக்கு கொட்டேஷன் வாங்கி அது கையெழுத்தாகி வர்றதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிடும், அதனால இருக்கிற டிஸ்க்கையும் கழட்டிட்டு எல்டிஎஸ்பி (சர்வர்ல இருக்கிற ஒரே சிஸ்டத்தை நெட்வொர்க் வழியா எல்லா மெஷின்லயும் ஓட்டுற ஏற்பாடு) போட்டுடலாம்னு இறங்கிட்டேன்.

1999ல ஆரம்பிச்ச லினக்ஸ் ப்ராஜெக்ட் இது. 2019ல முழுசா புதுசா எழுதிட்டாங்க, அதனால பழைய டுட்டோரியல் எதையும் நம்பாதீங்க, பாதி கமாண்டு இப்ப கிடையாது. இப்ப சர்வர்ல உபுண்டு போட்டு வேணுங்கிற சாஃப்ட்வேர் எல்லாம் அதுலயே ஏத்தி, 'எல்டிஎஸ்பி இமேஜ்' கமாண்டு குடுத்தா மொத்தத்தையும் ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ் (அழுத்திச் சுருக்கின, படிக்க மட்டும் முடியுற) ஃபைலா சுருக்கிக்கும், கிளையண்ட், அதாவது டிஸ்க் இல்லாத மெஷின், அதை என்எஃப்எஸ் (சர்வர் ஃபைலை நெட்வொர்க்ல பகிர்ற முறை) வழியா எடுத்து தன்னோட சொந்த ப்ராசஸர், ரேம்லயே ஓட்டும். சர்வருக்கு பெருசா லோடு கிடையாது, ஒரு சாதா ஐ5 மெஷின்ல எஸ்எஸ்டி போட்டு வச்சிருக்கேன், போதும்.

சர்வர் செட்டப் ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும். உயிரை வாங்குறது கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வர்றதுக்கு முன்னாடி, மெஷின் நெட்வொர்க்லருந்து பூட் ஆக ஆரம்பிக்கும்போது நடக்கிற சமாச்சாரம்தான்.

எங்க நெட்வொர்க்ல ஐபி குடுக்கிறது வேற ஒரு ரவுட்டர், அதுல நான் கைவைக்க முடியாது. அதுக்கு சர்வர்ல ஓடுற டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற சாஃப்ட்வேர்ல ப்ராக்ஸி டிஹெச்சிபின்னு ஒண்ணு இருக்கு (டிஹெச்சிபிங்கிறது மெஷினுக்கு ஐபி குடுக்கிற முறை): ஐபியை ரவுட்டரே குடுக்கட்டும், எந்த ஃபைலை எடுத்து பூட் ஆகணும்ங்கிறதை மட்டும் நம்ம சர்வர் சொல்லும். இங்க ஸ்க்ரீன்ல வர்ற எர்ரர் நம்பரை படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை மிச்சம். இ51ன்னா டிஹெச்சிபி பதிலே வரல. இ53ன்னா ஐபி வந்துடுச்சு, ஆனா ஃபைல் பேரை யாரும் சொல்லல, அப்ப டிஎன்எஸ்மாஸ்க்கைப் பாருங்க. இ32ன்னா ஃபைல் பேர் தெரிஞ்சும் டிஎஃப்டிபி (பூட் ஃபைலை அனுப்புற சர்வீஸ்) பதில் சொல்லல, அது கேக்குற யுடிபி 69ங்கிற போர்ட்டை பெரும்பாலும் ஃபயர்வால் அடைச்சிருக்கும்.

எங்களுக்கு வந்தது இதைவிட கிறுக்குத்தனமா இருந்துச்சு. முதல் கட்டம் நல்லா போகும், ஐபிஎக்ஸ்இ (நெட்வொர்க்லருந்து பூட் பண்ற குட்டி ப்ரோக்ராம்) லோடு ஆகும், அப்புறம் அது திரும்ப ஐபி கேக்கும்போது பதிலே இல்லாம நிக்கும். அதே மெஷினை ஒரு சாதா அஞ்சு போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச்ல மாட்டினா சரசரன்னு பூட் ஆகுது! காரணம் லேப்போட பெரிய ஸ்விட்ச்ல ஸ்பேனிங் ட்ரீ (கேபிள் சுத்தி லூப் ஆகாம பாத்துக்கிற வசதி) ஆன்ல இருந்தது. லிங்க் ஒரு தடவை விழுந்து எழுந்தா அந்த போர்ட்டை உடனே திறக்காது, 15 செகண்ட் கேட்டுட்டு இருக்கும், இன்னொரு 15 செகண்ட் கத்துக்கும், அப்புறம்தான் டேட்டா விடும். பூட் ஆகும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் நெட்வொர்க் கார்டு ரீசெட் ஆகுது, அந்த 30 செகண்டுக்குள்ள கேக்குறவன் டயம் அவுட் ஆகிப் போயிடுறான். கிளையண்ட் மாட்டியிருக்கிற போர்ட்ல எல்லாம் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பு இல்லாம போர்ட்டை உடனே திறக்கிற செட்டிங்) போட்டேன், தீந்துச்சு. சிலர் ஸ்பேனிங் ட்ரீயையே ஆஃப் பண்ணச் சொல்வாங்க, பசங்க கேபிள்ல விளையாடுற இடத்துல அதைச் செய்யாதீங்க, யாராவது ஒரு கேபிளோட ரெண்டு முனையையும் அதே ஸ்விட்ச்ல சொருகிட்டா மொத்த லேப்பும் படுத்துடும்.

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்தது) மெஷின் இருந்தா செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத பூட் ஃபைலை தடுக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணிடுங்க, அந்த மெஷினுக்கு பூட் ஃபைலும் வேற, அவ்வளவுதான்.

ஓட ஆரம்பிச்சப்புறம் சொகம்தான். பசங்க என்ன கலைச்சு வச்சாலும் சிஸ்டம் பக்கம் எதுவும் நிக்காது, எழுதுறதெல்லாம் ரேம்ல போகுது, ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி சுத்தம். ஆனா அதே காரணத்தால டெம்ப் ஃபோல்டர்ல பெரிய ஃபைல் இறக்கினா ரேம் நிறைஞ்சு மெஷின் ஹேங் ஆகும். ஹோம் ஃபோல்டர் மட்டும் சர்வர்ல இருக்கு. அது சும்மா விட்டா எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ல (ஃபைலை என்கிரிப்ட் பண்ணி அனுப்புற முறை) வரும், ப்ரவுசர் கொஞ்சம் இழுக்குது, என்எஃப்எஸ்க்கு மாத்தினா வேகம் ஆனா பாதுகாப்பு கம்மி. லேப் நெட்வொர்க் தனியா இருக்கிறதால நான் மாத்திட்டேன். புது யூசர் சேத்தா, யூசர் விவரத்தை கிளையண்ட்டுக்கு கொண்டுபோற ஃபைலை புதுசாக்க 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி' கமாண்டை திரும்ப ஓட்டணும், அதுக்கப்புறம் கிளையண்ட்டை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் அந்தப் பேர்ல லாகின் ஆகும்.

கரண்ட் விஷயத்துல ஒண்ணு, சர்வரையும் கிளையண்ட்டையும் மட்டும் யுபிஎஸ்ல போட்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சை விட்டுடாதீங்க. ஸ்விட்ச் அணைஞ்சா எல்லா ஸ்க்ரீனும் அப்படியே உறைஞ்சு நிக்கும், திரும்ப வந்ததும் பெரும்பாலும் விட்ட இடத்துலருந்தே ஓடும், ஆனா பிராக்டிகல் எக்ஸாம் அன்னிக்கு அதுவரைக்கும் எக்ஸ்டர்னல் சாருக்கு பதில் சொல்லப் போறது நீங்கதான்.