எஸ்பிஎஃப் சிவப்புக்கு, பிஏ கறுப்புக்கு

சன்ஸ்கிரீன் வாங்கப் போனால் எஸ்பிஎஃப் எண் 30-ஆ 50-ஆ என்று பார்த்துவிட்டு நேராக விலைக்குப் போய்விடுகிறோம். அந்த எண் சொல்வது ஒன்றைத்தான்: தோல் சிவந்து எரிவதை இந்தக் கிரீம் எவ்வளவு தடுக்கும் என்பதை. சிவக்க வைப்பது பெரும்பாலும் வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர். நம் மாநிறத் தோல் வெயிலில் சிவப்பதைவிடக் கறுப்பதுதான் அதிகம். அதில் யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கு எஸ்பிஎஃப் எண்ணில் இருக்காது.

கறுப்பைப் பற்றிச் சொல்வது, டியூபில் ‘பிஏ+++’ என்பதுபோலக் கூட்டல் குறிகளோடு இருக்கும் பிஏ. ஜப்பானில் 1996-இல் வந்த முறை இது. யுவிஏ பட்ட இடத்தில் சில மணி நேரம் கழித்தும் மறையாத கருமையை வைத்து அளப்பார்கள். ஒரு கூட்டல் குறி என்றால் 2 முதல் 4 மடங்கு பாதுகாப்பு, இரண்டுக்கு 4 முதல் 8, மூன்றுக்கு 8 முதல் 16, நான்கு இருந்தால் 16-க்கு மேல். நான்காவது குறி 2013-இல்தான் சேர்ந்தது. நம் ஊர் வெயிலுக்கு மூன்றுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். ஐரோப்பியத் தயாரிப்பில் பிஏ இல்லாமல், வட்டத்துக்குள் ‘யுவிஏ’ என்று இருக்கும். யுவிஏ பாதுகாப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது உண்டு என்று அதற்கு அர்த்தம். வெறும் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று மட்டும் போட்டிருந்தால், இரண்டு கதிர்களையும் தடுக்கும் என்று தெரியும், யுவிஏ-வை எவ்வளவு என்று தெரியாது.

ஜன்னல் கண்ணாடி யுவிபி-யைப் பெருமளவு நிறுத்திவிடும், யுவிஏ-வை நிறைய உள்ளே விடும். கார் ஓட்டுபவரின் வலது கை இடது கையைவிடக் கறுத்திருப்பது இதனால்தான்.

முகத்தில் மங்கு, அதாவது படரும் கருந்திட்டு, இருப்பவர்களுக்கு இதுவும் போதாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள ‘டின்டட்’ வகை வேண்டும். பொருள் பட்டியலில் அயர்ன் ஆக்சைடைக் குறிக்கும் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்களைத் தேடுங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். யுவிஏ-வைத் தடுக்கும் அவோபென்சோன், பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்ற நீளப் பெயரில் இருக்கும். வெயில் பட்டால் தானே சிதையும் சரக்கு அது. கூடவே எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட் என்ற சரக்கு இருந்தால் இன்னும் சீக்கிரம் சிதையும். ஆக்டோகிரிலீன், டினோசார்ப் எஸ் என்ற சரக்குகளில் ஒன்று சேர்ந்திருந்தால் தாக்குப்பிடிக்கும். எரிச்சல் தாங்காத தோலுக்குச் சிங்க் ஆக்சைடு நல்லது, ஆனால் மாநிற முகத்தில் திருநீறு பூசியதுபோல வெளுப்பு நிற்கும்.

இனி 30-ஆ 50-ஆ என்ற கேள்வி. யுவிபி-யை 30 ஏறத்தாழ 97 சதவீதமும் 50 ஏறத்தாழ 98 சதவீதமும் தடுக்கும் என்பதால் வித்தியாசமே இல்லை என்பார்கள். ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவினால் வரும் கணக்கு அது. நாம் தடவுவது அதில் பாதியோ கால்வாசியோதான், அந்த அளவுக்குப் பாதுகாப்பும் இறங்கிவிடும். அதனால்தான் 50 வாங்கச் சொல்வேன்.

முகம், காது, கழுத்துக்கு ஒரு டீஸ்பூன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிதுக்கினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கைக்கு ஒன்றென இரண்டு டீஸ்பூன், காலுக்கு இரண்டு வீதம் நான்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் தினமும் இப்படிப் போட்டால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் வருவதே பெரிது. நாலு மாதம் வருகிறதென்றால் தடவியது வெறும் வாசனைக்குத்தான்.

முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்தபின் சன்ஸ்கிரீன், கடைசியில் மேக்கப். ஈரம் காயும் முன் தடவினால் அழுக்குபோலத் திரண்டு உருளும், படலம் அங்கங்கே விட்டுப்போகும். மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் உள்ளங்கையில் கலந்து பூசுவதும் தப்பு. வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே போட்டுவிட்டு, வெயிலில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 80 நிமிடம்’ என்பது தண்ணீரிலும் வியர்வையிலும் தாங்கும் நேரம். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டால் அந்தக் கணக்கும் செல்லாது.

சூட்டை வைத்து வெயிலை எடைபோடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா 10 சதவீதம்போலக் கூடும், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே கறுத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரமெல்லாம் கதிர் கடுமையான நேரம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொதுவாகச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். டியூபைக் காரிலோ வண்டிப் பெட்டியிலோ போட்டு வைக்காதீர்கள். சூட்டில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும். பிதுக்கும்போது முதலில் நீர் வந்தால், தேதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.