எப்போதும் அந்த நாலாவது நட்

அந்தச் சத்தம் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். தையல் மெஷின் ஓடுவது போல டிக் டிக் டிக். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகமாகும், காலை எடுத்தால் அடங்கிவிடும். ரேஸ் ட்ராக்கில் முதல் தடவை கேட்டபோது ஏதோ வால்வு சத்தம் என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று ஓட்டினேன். மூன்றாவது சுற்றில், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் வழக்கமான இடத்துக்கு ஏறவே இல்லை. உள்ளே வந்து பானட்டைத் திறந்தால், எஞ்சின் புகையை வெளியே கொண்டுவரும் மேனிஃபோல்டும், அந்தப் புகையால் சுழலும் டர்போவும் சேரும் இடத்திலிருந்து விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தது. நான்கு நட்டில் ஒன்றைக் காணோம். அது அடித்தட்டில் சமர்த்தாகப் படுத்திருந்தது.

வண்டி 1.8 லிட்டர் எஞ்சின் வைத்த சின்ன இரண்டு சீட்டர். டர்போ இல்லாமல் பிறந்தது. நான்தான் பிறகு மாட்டினேன். ரோட்டில் ஓட்டிய ஒன்றரை வருடத்தில் ஒரு நட்டும் அசைந்ததில்லை. ரோட்டில் முழு மிதி என்பது சில விநாடிகள்தான். ட்ராக்கில் 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டினால், அதில் பாதிக்கு மேல் கால் தரையோடு ஒட்டித்தான் இருக்கும். வெளியேறும் புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டும். மேனிஃபோல்ட் செக்கச்செவேல் என்று ஆகிவிடும்.

அதற்கப்புறம் நான் செய்த வைத்தியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் மரையில் நீல நிற லாக்கிங் பசை. அது தாங்குவது சுமார் 150 டிகிரி. டர்போவை வைத்து முடுக்கும் தட்டையான விளிம்பு, அதாவது ஃபிளான்ஜ், 600-ஐத் தொடுகிறது. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். அடுத்து ஸ்பிரிங் வாஷர். ஒரே ஓட்டத்தில் பதம் போய், காசு மாதிரி தட்டையாக வெளியே வந்தது. நைலான் வளையம் வைத்த நட்டைப் போடவில்லை, அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

பிறகு ஒருவர் பேச்சைக் கேட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, துருப்பிடிக்காது, சூடும் தாங்கும் என்றார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. முன்பு மூன்றாவது ஓட்டத்தில் வந்த டிக் டிக், இப்போது முதல் ஓட்டத்திலேயே வந்தது. கடைசியாக, விமானத்தில் செய்வது போல போல்ட் தலையில் ஓட்டை போட்டுக் கம்பி கட்டினேன். போல்ட் எதுவும் விழவில்லை. கம்பி முறுக்குக் கலையாமல் அப்படியே இருந்தது. ஆனால் கரி மட்டும் வந்துகொண்டே இருந்தது. போல்ட் சுற்றவே இல்லை, ஆனாலும் லூஸ். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

கம்பியைக் கழற்றிவிட்டு, மறுபடி பழைய மாதிரியே ஸ்டட்டும் (தலையில்லாத, மரை போட்ட தண்டு) நட்டும் போட்டேன். அடுத்த முறை போனபோது பக்கத்துப் பிட்டில் வண்டி நிறுத்தியிருந்த பெரியவர், நான் குனிந்து திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். மின் நிலையத்தில் நீராவி டர்பைன் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். "நட்டு சுத்திக் கழண்டுச்சுன்னு யார் சொன்னா தம்பி? அந்த ஸ்டட்டைக் கொண்டா" என்றார். கழற்றிய ஸ்டட்டில் ஒரு புது நட்டைக் கையால் ஏற்றினார். முனையில் வழுக்கிக்கொண்டு போனது, நடுப்பகுதியில் இறுகி நின்றுவிட்டது. என்னிடம் மிச்சமிருந்த புது ஸ்டட்டை வாங்கி வெர்னியரில் இரண்டையும் அளந்தார். புதியது 45 மில்லிமீட்டர். பழையது 45.3.

"இது கழலலை, நீண்டுபோச்சு. நாங்க பெரிய போல்ட்டையெல்லாம் ரெஞ்ச் காட்டுற கணக்கை நம்பி டைட் பண்ண மாட்டோம். எவ்வளவு நீளுதுன்னு அளந்துதான் டைட் பண்ணுவோம்."

அவர் போன பிறகு ஒரு அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டேன். என்னுடையது எம்8 (8 மில்லிமீட்டர் விட்டம்), 8.8 பலத் தர எஃகு ஸ்டட். 25 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் தோராயமாக ஒன்றரை டன் எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசை வரும். அந்த இழுப்பில் 20 மில்லிமீட்டர் பிடிநீளம் (இறுக்கும்போது இழுபடும் பகுதியின் நீளம்) கொண்ட ஸ்டட் எவ்வளவு நீளும்? வெறும் 0.04 மில்லிமீட்டர். காகிதத்தின் பாதித் தடிமன்கூட இல்லை. டர்போவைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த 0.04-தான். அது தீர்ந்துபோனால் நட் அதே இடத்தில் இருந்தாலும் பிடி கிடையாது.

இப்போது ஸ்டெயின்லெஸ் கூத்தைப் பாருங்கள். ஃபிளான்ஜின் வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 304 ஸ்டெயின்லெஸ் சுமார் 18 பங்கு. 600 டிகிரி ஏறினால், அதே 20 மில்லிமீட்டரில் வித்தியாசம் 0.07. இருந்த சேமிப்பே 0.04. போல்ட் ஃபிளான்ஜைவிட அதிகமாக விரிந்து, தானாகவே பிடியை விட்டுவிடுகிறது. நான் காசு கொடுத்து வாங்கி மாட்டிய லூஸ் அது.

சாதாரண ஸ்டட்டின் கதை வேறு. அதன் விரிவு வார்ப்பிரும்போடு ஒத்துப்போகும், ஆனால் பலம் நிற்காது. 600 டிகிரியில் அந்த எஃகில் கால் பங்கு பலம்கூட மிஞ்சுவதில்லை. போதாததற்கு, ஃபிளான்ஜ் முதலில் சூடாகி விரிந்து இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் ஸ்டட்டை இழுக்கிறது. பின்னால் சூடேறி வரும் ஸ்டட், இழுபட்ட நிலையிலேயே மெல்ல மெல்ல நீண்டுகொடுக்கிறது. ஆறியபின் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. பிடி போனால்தான் அதிர்வுக்கு வேலை. ஃபிளான்ஜ் பக்கவாட்டில் நகர ஆரம்பித்ததும் மரையில் இருந்த உராய்வு செத்துப்போகும், நட் தானாகவே பின்னோக்கிச் சுற்றும். கெர்ஹார்ட் யுங்கர் என்பவர் 1969-லேயே இதைச் சோதனை செய்து காட்டியிருக்கிறார். ஆக, நான் இத்தனை நாள் பார்த்த கழன்ற நட், நாடகத்தின் கடைசிக் காட்சி மட்டும்தான்.

அதனால் இந்த முறை பூட்டைப் பற்றி யோசிக்காமல் இழுப்பைக் காப்பாற்றுவது பற்றி யோசித்தேன்.

ஸ்டட்டுகளை இன்கோனல் 718 என்ற, சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகத்துக்கு மாற்றினேன். விலை கேட்டதும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் 650 டிகிரியிலும் அது முக்கால் பங்கு பலத்துக்கு மேல் வைத்திருக்கும். விரிவு சுமார் 14 பங்கு, வார்ப்பிரும்புக்குப் பக்கத்தில். அடுத்து ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் ஸ்டட்டைச் சுற்றி ஒரு நீளமான புஷ், அதாவது குட்டிக் குழாய். ஸ்டெயின்லெஸ் கம்பியில் லேத்தில் அடித்தது, 30 மில்லிமீட்டர். பிடிநீளம் 20-லிருந்து 50 ஆனதும், அதே முறுக்குக்கு நீட்சி 0.04-லிருந்து 0.1 ஆகிறது. உரசலில் 0.02 தேய்ந்தாலும் இனி பாதி சொத்து போகாது. முன்பு எனக்குப் பகையாக இருந்த ஸ்டெயின்லெஸ்ஸின் அந்த அதிக விரிவு, புஷ்ஷில் நட்பானது. அது ஸ்டட்டைவிட அதிகம் விரிவதால் சூட்டில் பிடி சற்று ஏறும். நட்டும் நெருப்பிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போய்விடுகிறது.

மூன்று இடத்தில் 30 மில்லிமீட்டர் புஷ் உட்கார்ந்தது. நாலாவதில் டர்போவின் காற்றுப் பக்கத்து உறை இடித்தது. அங்கே 12-தான் வைக்க முடிந்தது. எப்போதும் கழல்வது எதுவோ, அதற்குத்தான் இடமும் இல்லை. இந்த வண்டி என்னைப் பழிவாங்குகிறது என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

ஃபிளான்ஜ் முகத்தில் எஃகு அளவுகோலை நிறுத்தி அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். நாலாவது மூலையில் 0.15 தாராளமாகப் போனது. 0.04-ஐ நம்பி வாழ்கிற இடத்தில் 0.15 வளைவு! இரண்டு முகத்தையும் சமமாக்கி, நடுவில் கசிவைத் தடுக்க வைத்திருந்த பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் வைத்தேன். நசுங்கிக்கொண்டே போகும் பொருள் எதையும் இந்த இடத்தில் வைக்கக் கூடாது.

அப்புறம் பிராக்கெட். டர்போவும், அதிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பும் சேர்ந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த நாலு ஸ்டட்டையும் நெம்புகோல் போல நெம்பிக்கொண்டிருந்தன. டவுன்பைப்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தாங்கி அடித்தேன். பாடியில் அடித்தால் எஞ்சின் ஆடும்போது நிலைமை இன்னும் மோசமாகும், அதனால் பிளாக்கில்தான் அடிக்க வேண்டும். தாங்கிக்குக் கீழே பைப்பில் வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய் (பெல்லோஸ்) ஒன்று. என்னைக் கேட்டால், இன்கோனலுக்குக் காசு இல்லாதவர் முதலில் செய்ய வேண்டியது இந்த பிராக்கெட்டைத்தான்.

நட் மட்டும் முழு உலோகத்தில் வாயை நெளித்துச் செய்த லாக் நட். ஆப்பு வாஷர் ஜோடியும், அதாவது உள்பக்கம் சரிவுகள் கொண்டு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரண்டு வாஷரும், நல்ல பொருள்தான். நட் பின்னோக்கிச் சுற்றப் பார்த்தால் அந்தச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இழுப்பைக் கூட்டிவிடும். ஆனால் சூடு தாங்கும் உலோகத்தில் செய்ததாக இருக்க வேண்டும், ஸ்டட் நீள்வதற்கும் அது மருந்தில்லை. மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவினேன், இல்லாவிட்டால் இன்கோனலும் நட்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையராகிவிடும். இதில் ஒரு கண்ணி உண்டு. முறுக்கில் சுமார் 10 சதவீதம்தான் இழுப்பாகிறது, மிச்சமெல்லாம் உராய்வுக்குப் போகிறது. தடவியதும் உராய்வு குறைவதால் அதே முறுக்குக்கு இழுப்பு எகிறும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை 25-லிருந்து 20-க்கு இறக்கி வைத்தேன். லாக் நட் சும்மா சுற்றவே கேட்கும் முறுக்கை மட்டும் தனியாக அளந்து கூட்டிக்கொண்டேன்.

முதல் ஓட்டம் முடிந்து, முழுதாக ஆறியபின் ஒரு தடவை சரிபார்த்தேன். சூட்டோடு முறுக்கினால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. அடையாளத்துக்கு பெயின்ட் கோடு போட்டுப் பார்த்தேன், ஒரே நாளில் எரிந்துபோனது. இப்போது உளியால் நட்டிலும் புஷ்ஷிலும் ஒரு கீறல்.

ஆறு ட்ராக் நாள் ஆகிவிட்டது. நான்கு கீறலும் நேர்கோட்டில் இருக்கின்றன, நாலாவதும்கூட. கரி இல்லை. போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பிராக்கெட்டை பிளாக்கோடு பிடிக்கும் போல்ட் கால் சுற்று விலகியிருந்தது. அங்கே சூடு 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அலமாரியின் மூலையிலிருந்து அந்த நீலப் பசை பாட்டிலைத் தேடி எடுத்தேன். மூடி காய்ந்து ஒட்டியிருந்தது, இடுக்கி போட்டுத் திறக்க வேண்டியிருந்தது.