மூன்றாம் பிரஸ்

செப்டம்பர் 22
எங்கள் ரப்பர் பட்டறையில் மூன்றாம் பிரஸ், ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்துகிற இயந்திரம், இன்றும் சூடேறவில்லை.

செப்டம்பர் 23
மதுரைப் பக்கம் கப்பலூரில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பட்டறை ஷட்டரை இறக்கியாச்சு. எங்களுக்குப் பம்ப் கம்பெனி தரும் புஷ் (ரப்பர் வளையம்) ஆர்டர் பாதியாகிவிட்டது. இரவு ஷிஃப்டே இல்லை, இரவு சூப்பர்வைசர் எதற்கு என்கிறார் ஆடிட்டர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த சூப்பர்வைசர் மாமா. அச்சிலிருந்து எடுத்த பீஸை நகத்தால் அழுத்தி, வேக்காடு பத்துமா என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்.

செப்டம்பர் 25
யாரையும் அனுப்பப் போவதில்லை. வேலையைப் பங்கு வைக்கிறேன். அக்டோபரிலிருந்து இரண்டு கூட்டம், ஆளுக்கு வாரம் மூன்று நாள்.

நிம்மதியாகப் படுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு: ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் காப்பீடு! அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் 78 நாள் சந்தா சேர்ந்தால்தான், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 26 வாரம், வாரத்துக்கு மூன்று. சரியாக 78. ஒரு துஷ்டி, ஒரு காய்ச்சல் வந்தால் 77. பிசிறு வெட்டுகிற அக்கா வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவள். அவளுக்கு எங்கே 78?

செப்டம்பர் 26
அம்மா நகைப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 27
பகல் சூப்பர்வைசர் மாமாவிடம் வேலை பழகிய பையன். இனி மாமா பகலில் பிரஸ்ஸில் நிற்கணும். அவன் சொல்ல, மாமா செய்யணும். இதை யார் வாயால் சொல்வது? நான்தான்.

செப்டம்பர் 29
சொல்லிவிட்டேன். டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பிரஸ்ல நிக்கணும், அம்புட்டுத்தான பாப்பா? நின்னுட்டாப் போச்சு. சம்பளத்துலயும் மூவாயிரம் கொறச்சுக்க. பயலுகளுக்கு ஆகட்டும்."

எனக்குத் தொண்டை அடைத்தது. முடியாது மாமா என்று சொல்லி, அட்டையில் கணக்கை எழுதிக் காட்டினேன். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் வரும். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள் என்று கணக்கு. 18,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, அப்புறம் 23 வருஷம்: 2,38,846. இப்போது மூவாயிரத்தைக் குறைத்தால் 23 வருஷத்துக்கும் சேர்த்துக் குறைந்து, 39,808 ரூபாய் போய்விடும். பதவிப் பெயர் மாறட்டும், சம்பளத்தில் கைவைக்க மாட்டேன்.

அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 3
பையன் நாற்காலியில் உட்காரவே இல்லை. நாள் முழுக்க மாமா பக்கத்திலேயே நின்றான்.

அக்டோபர் 6
அக்காவுக்குப் பழனி போக வர ஆறு நாளாம். தைக்குள் மற்றக் கூட்டத்தோடும் அவளுக்கு வேலை போட வேண்டும். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் அவள் நாட்களை எண்ண ஆரம்பித்திருக்கிறேன்: 3.