மாருதிக்குப் பேதி கொடுத்த கதை

போன வாரம் ஏற்காடு கிளம்பினோமா, 20 கொண்டை ஊசியில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, நம்ம 2001 மாடல் மாருதி டெம்பரேச்சர் முள்ளைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அப்படியே இறங்கி வந்தோம். இஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவமான கூலன்ட்டை நானே மாற்றுவது என்று அன்றைக்கே சபதம். மெக்கானிக்கிடம் விட்டால் கூடவே நாலு சாமானை மாற்றிவிடுவார். அதோடு மூணு வீடியோ வேறு பார்த்திருந்தேன். மூணும் மூணு விதமாகச் சொன்னது தனிக்கதை.

"கூலன்ட்டா? இத்தனை வருசமா நான் எதைடா ஊத்துனேன்?" என்றார் அப்பா, பேப்பரை இறக்காமலேயே.

எதை ஊற்றினார் என்பது பத்து நிமிசத்தில் தெரிந்தது.

ரேடியேட்டருக்கு அடியில் ட்ரெயின் பிளக் இருக்கும், கையால் திருகினாலே வரும் என்றது வீடியோ. நம்ம வண்டியில் அந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு கொப்புளம்தான் இருந்தது. சரி, கீழ் ஹோஸையே உருவுவோம் என்று கிளிப்பைத் தளர்த்தி, ஆட்டி, அசைத்து, கடைசியில் வெறுத்துப்போய் ஒரு இழு. வந்தது கூலன்ட் இல்லை, கல்யாண வீட்டு டிகாக்ஷன். பாதி பேசினில், மீதி என் இடது காதைத் தொட்டு பனியனுக்குள். ஹோஸ் வாய்க்குள்ளே வெள்ளையாக ஒரு சுண்ணாம்பு வளையம், வெந்நீர்த் தவலை அடியில் படியுமே, அதேதான். சாட்சாத் எங்க வீட்டுப் போர் தண்ணி.

பேசின் அம்மா முறுக்கு மாவு பிசைகிற பேசின். அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு அண்ணன் அதற்குள் காம்பவுண்டில் கையூன்றிவிட்டார். "தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசுங்க தம்பி. அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு." இஞ்சின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வைத்தான் சொல்கிறார். இவர் சொந்தமாக ஓட்டியது டிவிஎஸ் 50 மட்டும்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உள்ளே தேங்கியிருக்கும் அழுக்கும் வரவேண்டும் என்றால் தண்ணி ஊற்றி, ஹீட்டரை முழுசாகத் திறந்து, இஞ்சினை ஓடவிடவேண்டும். சேலத்தில், சித்திரையில், ஹீட்டர். ஆக்ஸிலேட்டரை மிதிக்க உட்காரவைத்த வீட்டம்மா இறங்கியபோது ஆவியில் வெந்த கொழுக்கட்டை மாதிரி இருந்தாள். பேசவில்லை. சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்த பிறகும் பேசவில்லை. ஆறவிட்டு, இறக்கி, மறுபடி ஊற்றி என்று நாலு தடவை செய்ததில் டிகாக்ஷன் டீயாகி, டீ கடைசியில் தண்ணியானது.

புதுக் கூலன்ட் பச்சைக் கலர். பாட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாதாம். எங்க ஊரில் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஐஸ் கட்ட யோசிக்கிறது. "அப்புறம் எதுக்கு அது?" என்று அப்பா மடக்கினார். துருப்பிடிக்காது, சீக்கிரம் கொதிக்காது என்று விளக்கினேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கீழே சிந்தியதை மோந்துபார்க்க வந்த தெருநாய் மணியைத் துரத்தி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணி விட்டுக் கழுவியது தனி வேலை. தித்திக்கும் சனியன், ஆனால் நக்கினால் கிட்னி காலி.

மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டதில், மாட்டிக்கொண்ட காற்றெல்லாம் குபுக் குபுக்கென்று ஏப்பமாக வெளியே வந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். ஃபேன் தானாக ஓடி நின்றபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ரிசர்வ் டப்பாவில் சரியாக இரண்டு கோட்டுக்கு நடுவில் நிறுத்தி, போட்டோ எடுத்து, ஃபேமிலி குரூப்பிலும் போட்டாயிற்று. தங்கச்சி மட்டும் தம்ஸ் அப் போட்டாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு வாசலில் வெளிச்சம். எட்டிப் பார்த்தால் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சோடு அப்பா நிற்கிறார். நான் செய்த வேலையைப் பெருமையாகப் பார்க்கிறார் போல என்று சத்தம் போடாமல் வந்து படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் டப்பாவில் தண்ணி மேல் கோட்டைத் தாண்டிக் கழுத்து வரை நிற்கிறது. பச்சை வெளிறிப்போயிருக்கிறது. பக்கத்தில் ஃபெண்டர் மேலே பூஜை ரூம் சொம்பு.

"கொறவா இருந்துச்சு கண்ணு," என்றார். "பாவம், நேத்தெல்லாம் வெறும் வயித்தோட கிடந்துச்சேன்னு ஒரு சொம்பு ஊத்துனேன்."